நீலப்புல்லுக்குப் பக்கவாத்தியம்

இராசரத்தினம் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு பான்ஜோவை எடுத்த நேரம், குகனேஸ்வரி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் மாட்டிய தகர நகங்கள் கம்பியில் விழுந்து எழும்பும் சத்தம், ஓடு பதித்த சுவர்களில் பட்டு இரட்டிப்பாகி வந்தது. தகரப்பேணிக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்கினாலும் அதில் ஒரு ஒழுங்கு இருக்கும் என்று அவள் நினைத்தாள். வழக்கமான இடம் வந்தது. ஏறிப்போன ஓட்டம் இறங்கத் தொடங்குகிற அந்த இடத்தில் அவனுடைய பெருவிரல் ஒரு கம்பியைத் தவறவிடும்; அடுத்ததைப் பிந்தித் தொடும்; பிறகு பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த தரிப்பு வரை ஓடிப்போய்த் தொற்றி ஏறுவதுபோல அந்தரப்பட்டு மற்றச் சுரங்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்காக அதே இடம், அதே தடுக்கல். இன்றைக்கும் தடுக்கினான். கத்தரிக்காயின் காம்பை அவள் தேவைக்கு மேலாக ஓங்கி வெட்டினாள்.

“இஞ்சாருங்கோ, இன்னும் எவ்வளவு நேரம்? நான் முகம் கழுவ வேணும்.”

சத்தம் நின்றது. “ரண்டு நிமிசம், குகனேசு.”

“ரண்டு நிமிசத்திலை திருந்திற சாமானே அது?”

கூடத்தில் வாசிக்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கூடத்தில் அலுமாரிக்கு மேலே அவளுடைய வயலின் பெட்டி இருந்தது. இந்தச் சத்தம் அதன் காதில் விழக்கூடாதாம். இப்படியெல்லாம் ஒரு மனுசி சட்டம் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு இராசரத்தினத்தைத் தெரியாது. அவன் அதற்கும் சிரித்துவிட்டுத்தான் குளியலறைக்குப் போனான்.

குகனேஸ்வரி யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் முறையாகச் சங்கீதம் படித்துப் பட்டம் எடுத்தவள். இத்தாலியில், பலெர்மோவில் இருந்த தமிழ்ச்சனம் அவளை ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிட்டது. ஆனால் அவளிடம் படிப்பதற்குத்தான் ஒரு பிள்ளையும் வரவில்லை; பிள்ளைகளுக்கெல்லாம் கீபோர்ட் வேண்டுமாம். துடைக்கிற துணியையும் அயன் பண்ணச் சொல்லுகிற ஒரு இத்தாலிய எசமானியின், சின்யோராவின் வீட்டில் அவள் காலையிலிருந்து வேலை செய்தாள். அந்தச் சின்யோராவை அவள் மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பஜனையில் சுருதியைத் தெருவில் விட்டுவிட்டு வந்து கத்துகிறவர்களை மதிக்கவில்லை. கீழ்வீட்டு ரதியை மதிக்கவில்லை. மதிக்காதவர்களின் வரிசை நீளமானது. அந்த வரிசையின் தலைமாட்டில் புருசன் நின்றான். ஊரில் அவன் ஒலிபெருக்கிக்காரனிடம் வேலை செய்தவன். கோயில் திருவிழாக்களில் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிறவன். சண்டையும், ஏறிக்கொண்டிருந்த வயதும், சாதகத்தில் குந்தியிருந்த செவ்வாயும் சேர்ந்து அவளை அவனுடைய கையில் பிடித்துக் கொடுத்தன. புரோக்கர் கொண்டுவந்த சம்பந்தம், மாப்பிளை இத்தாலியில், அங்கே இருப்பதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கையில். அவ்வளவுதான் அவளுக்குச் சொன்னார்கள். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்தப் பான்ஜோ வீட்டுக்குள் வந்தது ஒரேயொரு சொல்லால். இராசரத்தினம் டொக்டர் காலோஜெரோவின் பல் வைத்தியசாலையைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்தான். டொக்டருக்கு அமெரிக்காவில் ஒரு மாமன் இருந்தார். இளவயதில் அங்கே போய் நின்ற டொக்டர், திரும்பி வரும்போது அந்த நாட்டு மலைக்காட்டுச் சங்கீதம் ஒன்றையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வைத்தியசாலை பூட்டியிருக்கிற வியாழக்கிழமை மத்தியானங்களில், மாதாகோயில் மண்டபம் ஒன்றில், அவரும் அவருடைய கூட்டாளிகளும் கூடிப் பழகினார்கள். மண்டொலினுக்கு ஒரு வங்கிக் குமாஸ்தா. ஆளிலும் உயரமான பேஸ் வாத்தியத்துக்கு ஒரு மருந்துக்கடைக்காரர். வயலினுக்கு, உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் மகள். அவர்களுடைய பான்ஜோக்காரன் வேலை கிடைத்துத் தொரினோவுக்குப் போனபோது, டொக்டர் மனமுடைந்து, நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்துச் சும்மா கேட்டார்: “ராசா, உனக்குத் தெரிந்தவர்களில் பான்ஜோ வாசிக்கிற யாரும் இருக்கிறார்களா?” இராசரத்தினம் என்ற பெயரை அவர் சுருக்கிய சுருக்கில் அவன் ராசாவாகி இருந்தான். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாது.

ராசா நிமிர்ந்து, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, “நானே வாசிப்பேன்” என்றான்.

அவன் ஊரில் பென்ஜோ என்றால் வேறு சாமான். ஒரு பலகை, அதில் கம்பிகள், அவற்றின் மேல் தட்டச்சு யந்திரத்துக்கு இருப்பதுபோல் வரிசையாகப் பொத்தான்கள். ஒலிபெருக்கிக் கடையில் வேலையில்லாத நேரங்களில் அதில் அவன் சினிமாப் பாட்டு அடிப்பான். அடுத்த வியாழக்கிழமை அவனுடைய மடியில் வைக்கப்பட்டது, மா அரிக்கிற அரிதட்டுக்கு நீளக் காம்பு முளைத்ததுபோல ஒன்று. தெரியாது என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “எங்கள் நாட்டில் இதை வேறு மாதிரி வாசிப்பது” என்றான். டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கிழக்குத் தேசத்துப் பான்ஜோ முறையை மறந்து தங்கள் முறைக்கு வரக் கஷ்டப்படுகிறான் பாவம் என்று அந்தக் கூட்டம் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. கத்தானியாவுக்குப் பக்கத்து அமெரிக்கத் தளத்தில் விமானம் திருத்துகிற வெண்டல் என்பவன் மாதத்துக்கு ஒருக்கால் கார் ஓடி வந்து அவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்தினான். அவனுடைய அப்பன் நிலக்கரி தோண்டியவனாம். அவன் மட்டும் இராசரத்தினத்தின் விரல்களைப் பார்த்த உடனேயே ஒன்றும் தெரியாதவன் என்று கண்டுகொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு கசற்றில் எல்லாவற்றையும் ஆமை வேகத்தில் வாசித்துப் பதிந்து கொடுத்தான்.

“என்ன பேர் இந்தப் பாட்டுக்கு?” என்று குகனேஸ்வரி கேட்டாள்.

“புளூகிராஸ்.”

“நீலப்புல்லு,” அவள் மொழிபெயர்த்தாள். “மாடு தின்னுமோ அதை?”

அந்தப் பகிடியை ரதி கீழே கொண்டுபோனாள். ரதியிடம் போனது, தமிழ்ச்சனம் குடியிருக்கிற ஒரேத்தோப் பகுதி முழுக்கப் போனது. ‘நீலப்புல்லு இராசரத்தினம்’ என்று கோயில் வாசலிலும் சாமான் கடையிலும் சனம் சொல்லிச் சிரித்தது. அவனும் கூட நின்று சிரித்தான். சனம் சிரித்தது அவளுக்கு ஒன்றுமில்லை. அவன் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் அந்த மண்டபத்தில், மேடை இல்லாமல் வெறுந்தரையில், அவர்கள் ஒரு கச்சேரி வைத்தார்கள். அவள் போய் முன்வரிசையில் இருந்தாள். எதற்கு? எவ்வளவு கேவலம் என்று நேரில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான். வாழ்நாளில் ஒரு மாட்டின் முதுகைத் தொட்டறியாத பல் வைத்தியரும் வங்கிக் குமாஸ்தாவும் மாட்டுக்காரத் தொப்பி போட்டு, கட்டம் போட்ட சேட்டுப் போட்டு, யாரோ ஒரு அமெரிக்கக் கமக்காரனின் வீடு வெள்ளத்தில் போன துயரத்தை மூக்கால் பாடினார்கள். பாடுகிறவர்களில் ஒருவருக்கும் வெள்ளம் வந்த முகம் இல்லை. எல்லாருக்குமாக ஒரேயொரு மைக். ஒவ்வொருவராக அதற்கு முன்னால் வந்து தன்னுடைய முறையை வாசித்துவிட்டுப் பின்னால் நகர, அடுத்தவர் வந்தார். தவிட்டுச் சட்டியைச் சுற்றுகிற கோழிகள்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடக்கும். நொத்தாரிசின் மகள் வயலினை நாடிக்குக் கீழே செருகிக்கொண்டு, நின்று, ஆடி, அசைந்து வாசித்தாள். ஒரு கமகம் இல்லை, எல்லாம் வழுக்கல். சனம் தாளம் போட்டது, தாளத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும். பான்ஜோவின் கட்டைக் கம்பி ஒன்று மட்டும் விடாமல் ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. சுருதிப்பெட்டிக்கு இருமல் வந்திருக்கிறது என்று குகனேஸ்வரி தீர்மானித்தாள். இராசரத்தினம் பின்னால் நின்று மற்றவர்களுக்கு ஒத்து வாசித்தான். மைக்குக்கு முன்னால் வருகிற தைரியம் அவனுக்கு அன்றைக்கு இல்லை.

மாசி பங்குனியில் நொத்தாரிசின் மகள் கலியாணம் முடித்து மிலானோவுக்குப் போனாள். ஆடி மாதம் மொண்டெல்லோக் கடற்கரையில் மேடை போட்டு, வெளிச்சனத்துக்கு முன்னால் முதல்முதலாக வாசிக்க அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. வயலின் இல்லாவிட்டால் சோறில்லாத விருந்து என்று டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். இராசரத்தினம் அன்றைக்குப் பின்னேரம் சியாகுல்லி மன்டரின் தோடம்பழம் ஒன்றை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக அவளுடைய தட்டில் வைத்தான். நார் எடுத்துக் கொடுத்தால் பின்னால் ஒரு கேள்வி வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

“குகனேசு, உம்மைக் கேக்கினம்.”

“என்னையோ? புல்லு மேயவோ?”

“ஒருக்கால் வந்து பாருமன். பிடிக்காட்டி விட்டிடும்.” அவன் இன்னொரு சுளையை வைத்தான். “நான் ஒருநாளும் மேடையிலை நிண்டதில்லை, உமக்குத் தெரியும்தானே. மேடைக்குக் கீழை வயர் இழுத்ததோடை சரி. இந்த ஒருக்கால் ஏற வேணும் போலை கிடக்கு. நீரும் நிண்டால் எனக்குப் பயமில்லை.”

பயமில்லையாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போவதென்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். அது புருசன்மேல் வந்த இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் அவளுடைய வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவரும் இல்லை. நவராத்திரியில் வாசித்தால் சனம் அவலும் கடலையும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரராவது, தொப்பிக்காரராவது, சங்கீதம் என்றால் என்ன என்று ஒருதரம் பார்க்கட்டும். அவளுக்கு அது வேண்டியிருந்தது, பசிபோல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அவள் பட்டுச்சேலை உடுத்துப் போனாள். வெண்டலும் வந்திருந்தான். மண்டபத்தின் நடுவில் மைக்கை வைத்து எல்லாரும் வட்டமாக நின்றார்கள். அவள் நிற்கமாட்டேன் என்றாள். விரிப்பு வேண்டும் என்றாள். யாரோ ஓடிப்போய்ப் பழைய திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்கள். அவள் சம்மணம் கொட்டி இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மற்றப் பக்கத்தைத் தோளில் சாத்தினாள். தொப்பிகளெல்லாம் குனிந்து பார்த்தன. வெண்டல் ஒன்றும் பேசாமல் மைக்கின் திருகைத் தளர்த்தி அவளுடைய உயரத்துக்கு இறக்கிவிட்டுத் தானும் நிலத்தில் இருந்தான். பேஸ்காரரைத் தவிர மற்றவர்களும் கதிரைகளை இழுத்து இருந்தார்கள். இப்போதுதான் இவர்களுக்கு மரியாதை வந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

பாட்டு தொடங்கியது. ஏதோ ரயில் போகிற பாட்டு. டொக்டர் ஒரு அடி பாடிவிட்டு மைக்கை நோக்கிக் குனிந்து கித்தாரில் தன்னுடைய முறையை வாசித்தார். நடுவில் விரல் சறுக்கி, சுரம் ஒன்று முனகி, எப்படியோ கரை சேர்ந்தார். வெண்டல் குகனேஸ்வரியைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

தலையசைத்தால் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். முன்னால் இருப்பவர் தந்ததைத் திருப்பிக் கொடு. அவள் கொடுத்தாள். டொக்டர் வாசித்தது அப்படியே வயலினில் வந்தது. சறுக்கலும் வந்தது, முனகலும் வந்தது. ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மண்டபம் வெடித்துச் சிரித்தது. டொக்டரே காது சிவக்கச் சிரித்து, “பிராவா, சின்யோரா!” என்றார். அடுத்து வங்கிக் குமாஸ்தா மண்டொலினில் யாரோ துரத்துகிறமாதிரி அவசரப்பட்டார். வயலினும் அதே அவசரத்தில் மூச்சிரைத்தது. இன்னும் சிரிப்பு. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் தரம் அது பழக்கத்தில் வந்தது. இரண்டாம் தரம் பழக்கத்தில் வரவில்லை. பக்கவாத்தியக்காரருக்குப் படிப்பிக்கிற முதல் பாடமே வேறு. பாடுகிறவர் சறுக்கினால் வயலின் அதைக் காட்டிக் கொடுக்காது. சறுக்கியதைச் சறுக்காததுபோல ஏந்தி எடுத்து, சனத்துக்குத் தெரியாமல் பாதையில் விட்டுவிடும். குகனேஸ்வரி ஊரில் எத்தனை மேடைகளில் எத்தனை அரைகுறைப் பாட்டுக்காரரை அப்படி ஏந்திக் கரை சேர்த்திருக்கிறாள். ஆனால் அந்தத் தயவு சங்கீதக்காரருக்கு உரியது. தொப்பிக்காரருக்கு என்ன வந்தது?

இராசரத்தினத்தின் முறை வந்தது. அவன் பான்ஜோவை மைக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து கண்ணை மூடினான். அவள் அவனுடைய விரல்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். வைத்தியசாலை நிலம் துடைக்கிற மருந்து தின்று வெடித்த விரல் நுனிகள். ஓட்டம் ஏறியது, பிழையில்லை, குளியலறையில் வாசித்ததைவிட நன்றாகவே ஏறியது. அந்த இடம் வந்தது. பெருவிரல் தவறியது. பிந்தித் தொட்டது. அந்தரப்பட்டு ஓடியது. முடித்துவிட்டு அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். வெட்கம் இல்லாத பார்வை. எதையோ கொடுத்துவிட்டு, இனி அது பத்திரம் என்று நம்பி நிற்கிறவனுடைய பார்வை. இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவள் வில்லை வைத்தாள். ஏற்றத்தை வாசித்தாள். தடுக்கலை வாசித்தாள். போதாதென்று திரும்ப வந்து அந்தத் தடுக்கலை மட்டும் இன்னொருதரம், இன்னும் கொஞ்சம் நொண்டவிட்டு வாசித்தாள்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்புகளில் அதுதான் பெரியது. மருந்துக்கடைக்காரர் பேஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். இராசரத்தினமும் சிரித்தான். மற்ற எல்லாரும் சிரிக்கத் தொடங்கிய பிறகு, கொஞ்சம் பிந்தி.

வெண்டல் சிரிக்கவில்லை. அவன் அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அவளுக்கு அது உடனேயே விளங்கியது, விளங்காததுபோல இருந்தாள். டொக்டர் அதை இத்தாலியனில் சொன்னார். அதுவும் விளங்கியது. பிறகு இராசரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னான்.

“எல்லாருடையதையும் வாசிச்சாச்சாம். இனி உம்மடையதை வாசிக்கட்டாம்.”

பேஸும் கித்தாரும் அவளுக்காகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அவள் வில்லைக் கம்பியில் வைத்தாள். என்னுடையது. அவளுக்குக் கீர்த்தனைகள் தெரியும், கூடை கூடையாகத் தெரியும், அவை எழுதியவர்களுடையவை. ராகம் தெரியும்; வாத்தியார் பிடி பிடியாக வாசித்துக்காட்டப் பிடி பிடியாக மனப்பாடம் செய்தவை. அந்த வாத்தியார் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால், “இந்தப் பிள்ளை ஒரு ரேப் ரெக்கோடர்” என்று சொன்னார். இத்தனை வருசமும் அதை அவள் பாராட்டு என்று நினைத்து வைத்திருந்தாள். பேஸ் இன்னொரு சுற்று வந்தது. வில் கம்பியிலேயே நின்றது.

“ஆரும் பாடினாத்தான் நான்...” என்று அவள் தொடங்கினாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெண்டல் பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் காட்டினான். பாட்டு அவளைத் தாண்டிப் போனது. அவனுடைய முகத்தில் ஒரு துளி இளக்காரம் இருந்திருந்தால் அவளால் திருப்பிக் கொடுத்திருக்க முடியும். இல்லாததுதான் அவமானமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். அவன் பான்ஜோவைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தான். புகையிரத நிலையம் தாண்டியபின் அவன் அவளுடைய பக்கம் திரும்பினான்.

“அந்த இடம் எனக்குப் பிழைக்கும் எண்டு உமக்குத் தெரியும்தானே,” என்றான். “ஒவ்வொரு நாளும் கேட்டனீர்.”

“உள்ளதைத்தானே வாசிச்சன். இல்லாததையே வாசிச்சனான்?”

அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். பஸ் இரண்டு தரிப்புகள் தாண்டியது.

“எங்கடை பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு ஒருக்கால் வாசிக்க வந்தனீர். பாட்டுக்காரி சரணத்திலை சொல்லை மறந்து தாளத்தையும் விட்டிட்டா. நீர் அதை அப்பிடியே மூடி, தூக்கிக் கொண்டுவந்து இடத்திலை விட்டனீர். சனத்துக்கு ஒண்டும் தெரியாது. நான் அம்பிளிபயருக்குப் பக்கத்திலை இருந்தனான். எனக்குக் கேட்டது.” அவன் பான்ஜோவின் உறையில் இல்லாத தூசியைத் தட்டினான். “அதைக் கேட்டிட்டுத்தான் பிறகு இஞ்சையிருந்து புரோக்கரைப் பிடிச்சு அனுப்பினனான்.”

புரோக்கர் தானாக வந்தவர் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். எத்தனை வீட்டுப் படியேறியும் தள்ளமுடியாத சாதகத்தைக் கடைசியில் இந்தக் குழாய்க்காரன் தலையில் கட்டினார்கள் என்று நினைத்திருந்தாள். மடியிலிருந்த பெட்டியின் கொளுவியை அவள் திறந்து, திரும்பப் பூட்டினாள். ஆனால் வாய் பழகிய வாய்தானே.

“இப்ப ஏன் அந்தப் பழங்கதை?” என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவன் குளியலறைக்குள் பான்ஜோவைக் கொண்டுபோகவில்லை. வேலை முடிந்தபின் வைத்தியசாலையிலேயே இருந்து பழகிவிட்டு வந்தான். வீடு அமைதியாக இருந்தது. அவள் கேட்ட அமைதிதான். கத்தரிக்காய் வெட்டும்போது, இதோ அந்த இடம் வருகிறது என்று கை தானாக ஓங்கும்; ஒன்றும் வராது. “என்னக்கா, நீலப்புல்லு காஞ்சு போச்சோ?” என்று ரதி படிக்கட்டில் கேட்டாள். “உம்மடை அலுவலைப் பாரும்,” என்று குகனேஸ்வரி கதவைச் சாத்தினாள்.

ஆடி மாதம் வந்தது. வயலினுக்கு ஆள் கிடைக்காமலே அவர்கள் மொண்டெல்லோவுக்குப் போனார்கள். இராசரத்தினம் அவளை வரச்சொல்லிக் கேட்கவில்லை. கட்டம் போட்ட சேட்டைத் தானே அயன் பண்ணினான். டொக்டர் கொடுத்த தொப்பியைக் கண்ணாடியில் போட்டுப் பார்த்தான். அது காது வரை இறங்கியது. போட்டுவாறன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் போயிருக்கமாட்டாள். ரதிதான் இந்தக் கூத்தைப் பார்க்காமல் விடுவதா என்று இழுத்துக்கொண்டு போனாள். அப்படித்தான் குகனேஸ்வரி தனக்குச் சொல்லிக்கொண்டாள். வயலின் அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

வெயில் இன்னும் இறங்கவில்லை. மேடைக்கு முன்னால் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஈரக் காற்சட்டையோடு பிள்ளைகள் ஓடித்திரிந்தார்கள். ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு வந்த சனம் பாட்டைக் கேட்பதற்கல்ல, இருப்பதற்குத்தான் கதிரையில் இருந்தது. கடற்கரைச் சாப்பாட்டுக்கடைகளில் கோப்பை கழுவுகிற நம்முடைய பெடியன்கள் சிலர் ஏப்ரனோடு வந்து பின்னால் மதிலில் சாய்ந்து நின்றார்கள். நீலப்புல்லு அண்ணை மேடை ஏறுகிறார் என்ற செய்தி அங்கேயும் போயிருந்தது. பல் வைத்தியர் பூட்ஸ் சப்பாத்தால் மேடையை உதைத்து உதைத்துப் பாடினார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்று மலையைப் பாடுகிற இந்த விசர்க்கூட்டத்துக்கு நடுவில் தன்னுடைய புருசனும் நிற்கிறான் என்று அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். தொப்பிக்குக் கீழே அவனுடைய முகம் பாதிதான் தெரிந்தது.

ரயில் பாட்டு வந்தது. டொக்டர் தன்னுடைய முறையை வாசித்துவிட்டு நகர்ந்தார். மண்டொலின் வந்து போனது. இராசரத்தினம் நடந்து மைக்குக்கு முன்னால் வந்தான். ஓட்டம் ஏறியது. ஏறட்டும், ஏறிப் போகட்டும், இந்த ஒருக்கால் மட்டும் அந்த இடத்தைத் தாண்டிப் போகட்டும் என்று அவள் ஒரு தெய்வத்தின் பெயரும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். எந்தப் பாட்டுக்காரருக்காகவும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

பெருவிரல் தவறியது. பிந்தித் தொட்டது.

ஆனால் அவன் ஓடிப்போய்ச் சேரவில்லை. நின்றுவிட்டான். கையை எடுத்தான். அடுத்தவர் வருவதற்கு விலகுகிறமாதிரி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. பேஸ் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. டொக்டர் தொப்பிக்குக் கீழிருந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். மண்டொலின்காரருக்கு வருவதா விடுவதா என்று தெரியவில்லை. மறந்துவிட்டானா? பயந்துவிட்டானா? அல்லது அந்த இடத்தை வயலினுக்கென்று விட்டுவைத்திருக்கிறானா? இத்தனை வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் குகனேஸ்வரிக்குச் சொல்லத் தெரியவில்லை.

“ஐயோ, அண்ணைக்குப் பிழைச்சுப் போச்சு,” என்றாள் ரதி, மதிலடிக்கும் கேட்கும்படி. “என்ன ரீச்சரக்கா, பிழைதானே?”

மதிலில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து ரீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு ஒன்று தயாராக நின்றது. அவள் ஓம் என்று சொன்னால் போதும்.

“இல்லை,” என்றாள் குகனேஸ்வரி. குரல் எடுபடவில்லை. ரதியின் பக்கம் திரும்பி இன்னொருதரம் சொன்னாள். “இல்லை. அது அப்பிடித்தான். அந்த இடத்திலை விடுறது.”

“விடுறதாம்,” என்று ரதி பின்னால் திரும்பி அறிவித்தாள். பெடியன்கள் விளங்கியதுபோலத் தலையாட்டினார்கள்.

மேடையில் மைக்குக்கு முன்னால் இன்னும் ஒருவரும் வரவில்லை. கடற்காற்று அதற்குள் ஊதுகிற சத்தம் ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை முழுக்கக் கேட்டது. ஒரு அடி பின்னால் நின்ற இராசரத்தினம் காதில் விழுந்த தொப்பியை மேலே தள்ளிவிட்டுச் சனத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பையின் வாரில், வயலின் கம்பியில்போல, குகனேஸ்வரியின் இடதுகை விரல்கள் அந்தத் தடுக்கல் விழுந்த இடத்தில் போய் அழுந்தி நின்றன. அதற்கு அடுத்த சுரம் எது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.